ராசாத்தியா, தடியனா?

மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. இரண்டிலும் ஒரே பத்திதான் அச்சாகியிருந்தது, எழுத்தின் உருவம் மட்டும் வேறு. ஐந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற நான்கு பேரும் சாதாரணமாகக் குனிந்தார்கள். நான் மூக்கில் மை படும் அளவுக்குக் குனிந்திருந்தேன். ஏனென்றால் அந்தப் பத்தி நான் எழுதிய சிறுகதையின் முதல் பத்தி.

“மாஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. மற்ற ஆக்களும் பாக்க வேணும்” என்றாள் றீற்றா.

இடம், மானிப்பாயில் கனகு அண்ணையின் அச்சுக்கூடம். காலம் சரியாகச் சொல்ல வராது. சண்டையில் கரண்ட் நின்று ஒரு வருடம் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். கரண்டை நம்பியிருந்த பெரிய அச்சகங்கள் படுத்துவிட்டன. கனகு அண்ணையின் மெசின் காலால் மிதிப்பது. அதற்குக் கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம், வயிறு நிறைந்த ஒரு மனிதனின் வலது கால் போதும் என்பார். அந்தக் கால் அவருடையது.

நாங்கள் ஒரு மாத இதழ் தொடங்கப்போகிறோம். பெயர் ‘கிணற்றடி’. கதை, கவிதை, தோட்டச் செய்தி, உடல்நலம் எல்லாம் கலந்து முப்பத்திரண்டு பக்கம். ஆசிரியர் நான். அன்றைக்கு முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இதழை எந்த எழுத்தில் அச்சிடுவது?

ஒருத்தியும் ஒருத்தனும்

கனகு அண்ணையிடம் உள்பக்கங்களுக்கு ஏற்ற அளவில் இரண்டு எழுத்துக் குடும்பங்கள் இருந்தன. இரண்டுக்கும் பெயர் வைத்தவள் றீற்றா. அங்கே ஈய எழுத்துகளைக் கோப்பவள் அவள்தான். குருநகர்ப் பெண். குண்டுவீச்சால் கடற்கரைப் பக்கம் இருக்க முடியாமல் தாயுடன் மானிப்பாய்க்கு வந்து, ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

முதலாவது எழுத்து ராசாத்தி. எப்போதோ மூடிய பழைய அச்சகம் ஒன்றிலிருந்து மரப்பெட்டிகளோடு வந்தவள். ஒவ்வொரு எழுத்தும் தொடங்கும் இடத்தில் பேனா முனையை ஊன்றி எடுத்ததுபோலச் சின்னக் கூர் ஒன்று இருக்கும். பிறகு கோடு பருக்கும், வளைவில் மெலியும், கடைசியில் மயிரிழையாகி முடியும். புள்ளிகள்கூட ஊசி குத்திய அளவுதான். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது தடியன். எங்கே தொட்டாலும் ஒரே தடிப்பு. நெளிவு சுளிவு ஒன்றும் கிடையாது. கோயில் நோட்டீசு, கூட்டுறவுச் சங்கக்கடை அறிவித்தல், செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு என்று ஊரின் பாரமான வேலைகளையெல்லாம் சுமந்தவன்.

எனக்கு யாரைப் பிடித்தது என்று சொல்லவும் வேண்டுமா?

காலண்டரால் போன சம்பந்தம்

என் எழுத்துப் பைத்தியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

கொழும்பில் ஒரு பத்திரிகையில் பக்கம் அமைக்கும் பகுதியில் சில வருடம் இருந்தேன். பக்கத்து மேசை ஆங்கிலப் பத்திரிகைக்காரருடையது. ஆங்கில எழுத்துகளில் கால் உள்ளவை, கால் இல்லாதவை என்று இரண்டு வகை உண்டு. கோட்டின் நுனியில் சின்னப் பாதம்போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் கால். கால் உள்ளவற்றுக்குள்ளேயே ஏகப்பட்ட வகை. ஞாயிறு இணைப்புக்கு அவற்றில் எதை எடுப்பது என்று அந்த மேசையில் ஒரு மாதம் சண்டை நடந்தது. ஒருவருக்கு மற்றவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வாசிப்பவனுக்குத் தெரியவே தெரியாத ஒன்றுக்காக இவ்வளவு பெரிய மனிதர்கள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருக்கிறார்களே!

அந்த நோய் எனக்கும் தொற்றிவிட்டது. தமிழ் எழுத்துக்கு அந்த மாதிரிக் கால் இல்லை. ஆனால் பருமனும் மெலிவும் உண்டு, தலையில் கூர் உண்டு. அவற்றைப் பார்க்கப் பழகினேன். எண்பத்து மூன்று கலவரத்தில் எத்தனையோ பேரைப் போல நானும் கப்பலேறி ஊருக்கு வந்தபோது என் கையில் ஒரு சூட்கேஸ் இருந்தது. தலையில் எழுத்துகளைப் பற்றிய கர்வம் இருந்தது. சூட்கேஸ் பிறகு தொலைந்தது. கர்வம் தொலையவில்லை.

கல்யாண அழைப்பிதழ் வந்தால் முதலில் எழுத்தைப் பார்ப்பேன், மாப்பிள்ளை யார் என்று பிறகுதான் பார்ப்பேன். எனக்கே சுன்னாகம் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். சுவரில் அவர்களுடைய கடைக் காலண்டர் தொங்கியது. பெண் தேநீர் கொண்டுவந்த நேரத்தில் நான் எழுந்து நின்று அந்தக் காலண்டரில் இருந்த எழுத்தின் குறைகளைப் பெண்ணின் தகப்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தம் குழம்பிவிட்டது. அம்மா கடைசிவரை அந்தக் காலண்டரைத்தான் திட்டினார்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். பெயருக்குப் பின்னால் மாஸ்டர் ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளுக்குள் நான் எழுத்தாளன். அதை நான் ஒருவன் மட்டுமே அறிவேன். பத்து வருடமாகத் திருத்தித் திருத்தி எழுதிய ஒரு கதை என் மேசைக்குள் இருந்தது. அது அச்சில் வர வேண்டும், யாராவது வாசிக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை. ‘கிணற்றடி’ தொடங்கியதில் பாதி, அந்தக் கதைக்காக. இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்?

சந்தா: ஒரு கொப்பி

இதழ் தொடங்க ஆசை மட்டும் போதாது, தாள் வேண்டும். தாள் குடாநாட்டுக்குள் வராத காலம் அது. நாளிதழ்களே பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் கொடிகாமத்து இராசையா அண்ணை ஒரு வழி சொன்னார். அவர் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்பவர். வாசிப்புப் பைத்தியம். சைக்கிள் கரியரில் கத்தரிக்காய் மூட்டை இருக்கும், மூட்டைக்கு மேலே ஒரு பழைய வார இதழ் இருக்கும்.

“தம்பி, சந்தாவுக்குக் காசு கேக்காதேங்கோ. கொப்பி கேளுங்கோ. ஒரு எண்பது பக்கக் கொப்பி தந்தா இரண்டு இதழ் எண்டு சொல்லுவம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தென்மராட்சி முழுக்கச் சைக்கிளில் திரிந்து கொப்பி சேர்த்தார். வட்டுக்கோட்டைப் பக்கம் பரமேஸ்வரி டீச்சர் சேர்த்தார். அவர் தமிழ் படிப்பிப்பவர், எங்கள் குழுவில் கவிதைக்குப் பொறுப்பு. எல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகள். கம்பியைக் கழற்றி விரித்தால் ஒரு கொப்பியில் இருபது இரட்டைத் தாள். முந்நூறு இதழுக்கு மட்டுமட்டாகச் சேர்ந்தது. அதற்கு மேல் ஒரு தாள் கூட இல்லை.

ஆக்கள் வரும்போது

சரி, மேசைக்கு வருவோம்.

எங்களைப் பார்த்ததும் கனகு அண்ணைக்குச் சந்தோசம். பனங்கட்டியும் தேநீரும் வந்தன. அலுமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பால் வெள்ளையில் வழுவழு என்று தாள். கல்யாண அழைப்பிதழுக்கென்று பழைய காலத்திலிருந்து மிச்சம் பிடித்து வைத்திருந்தது. அதில்தான் இரண்டு மாதிரிகளையும் அடித்திருந்தார்.

“உதென்ன அண்ணை, உந்தத் தாளைப் போய் எடுத்திருக்கிறியள்?” என்று டீச்சர் கேட்டார்.

“பின்னை? நாலு படிச்ச ஆக்கள் வரேக்கை கொப்பித் தாளிலையே காட்டுறது?”

அது எங்கள் ஊர் மரியாதை. விருந்தாளிக்கு உடைந்த கிண்ணத்தில் தேநீர் கொடுக்க மாட்டோம். ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வெள்ளைத் தாளில் ராசாத்தி கண்ணைப் பறித்தாள். என் வசனங்கள் அவள் உடம்பில் ஏறியதும் வேறு யாரோ பெரிய எழுத்தாளர் எழுதியதுபோல இருந்தன. பக்கத்தில் தடியன் சங்கக்கடை வரிசையில் நிற்பவன்போல நின்றான்.

“ராசாத்திதான் வடிவு” என்றார் டீச்சர்.

“தம்பி கொழும்பிலை இதே வேலை செய்த ஆள். தம்பி சொல்லுறதைச் செய்வம்” என்றார் இராசையா அண்ணை.

நான் ராசாத்தி என்று சொல்லி, ஏன் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். கனகு அண்ணை தலையாட்டினார்.

“எனக்கெண்டாத் தடியன்” என்றாள் றீற்றா. “என்ரை அம்மான்ரை கண்ணாடி குருநகர் வீட்டோடை போச்சு. புதுக் கண்ணாடிக்கு எங்கை போறது? தடியனெண்டா அவ எழுத்துக்கூட்டி வாசிப்பா. ராசாத்தியை வாசிக்கமாட்டா.”

“உம்மடை அம்மா ஒராளுக்காக ஒரு இதழை அசிங்கமாக்கேலாது றீற்றா.”

சொன்னவுடனேயே சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. அவள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“சரி மாஸ்டர். நீங்கள் படிச்ச ஆக்கள்.”

முந்நூறு

நடுப்பக்கத்தை முதலில் அடிப்பது என்று முடிவாயிற்று. இதழைப் பிரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள், மரியாதைக்குரிய இடம். அங்கே தொடங்குவது யாருடைய கதை என்று நீங்களே ஊகிக்கலாம். கதை மொத்தம் ஆறு பக்கம். ராசாத்தியில் எழுத்துகள் கொஞ்சம்தான் இருந்தன. அதனால் இரண்டு பக்கம் கோத்து, அடித்து, எழுத்துகளைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த இரண்டைக் கோக்கலாம்.

றீற்றா மூன்று நாளில் கோத்து முடித்தாள். பிழை திருத்துவதற்கான புறூவை ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எடுத்துத் தந்தாள். அதுவும் நல்ல வழுவழுப்புத் தாள். ஒரு பிழையும் இல்லை.

“கொப்பித் தாளிலை ஒண்டு அடிச்சுப் பாப்பமோ மாஸ்டர்?”

“சனம் பிள்ளையளின்ரை கொப்பியைத் தந்திருக்குது. அதிலை ஒரு தாளையும் நாங்கள் வீணாக்கக் கூடாது” என்றேன், மேடையில் நிற்பவனைப் போல.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்து வந்தேன். றீற்றா அப்போதுதான் நிவாரண வரிசையிலிருந்து திரும்பி, அரிசிப் பையோடு வாசலில் நின்றாள். கனகு அண்ணை காலையிலேயே தொடங்கி எல்லாவற்றையும் அடித்து முடித்திருந்தார். முந்நூறு தாள்களும் அடுக்கு அடுக்காகக் காய்ந்துகொண்டிருந்தன.

ஒன்றை எடுத்தேன்.

ராசாத்தியைக் காணவில்லை. கொப்பியின் நீலக் கோடுகள் வரிக்கு வரி குறுக்கே ஓடின. அவளுடைய மெல்லிய வளைவுகளெல்லாம் அந்தக் கோடுகளுக்குள் போய்விட்டன. புள்ளிகளைக் கொப்பித் தாளின் சொரசொரப்பு விழுங்கிவிட்டது. மை தட்டுப்பாட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு இளக்கிய மை, பருத்த இடங்களில் மட்டும் பிடித்திருந்தது. ஒவ்வொரு எழுத்திலும் பாதி இருந்தது, பாதி இல்லை.

“காய்ஞ்சாக் கறுக்கும் எண்டு நினைச்சன் தம்பி” என்றார் கனகு அண்ணை. மெசின் ஓடும்போது அவர் வாசிக்க மாட்டார், தாளை எண்ணுவார். “அழுத்தத்தைக் கூட்டினா எழுத்து மற்றப் பக்கத்தாலை துருத்துது. குறைச்சா இப்பிடி.”

கொழும்பில் எங்கள் பகுதிப் பெரியவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த எழுத்தை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் அவர் எழுத்தைப் பற்றிப் பேச மாட்டார். “எந்தத் தாளில் அடிக்கப்போகிறாய்? அந்தத் தாளைக் கொண்டுவா” என்பார். அவ்வளவு வருடமும் அதைக் கேட்டேன். அவருடைய கண்ணாடிச் சட்டத்தின் நிறம்கூட எனக்கு நினைவிருந்தது. இந்த ஒரு வசனம் மட்டும் அன்றைக்கு மறந்துபோயிற்று. ஒரு தாளை மிச்சம் பிடிக்கப் போய் முந்நூறு தாளைத் தொலைத்தேன்.

றோட்டில் ஒரு பரீட்சை

ஆனால் நான் லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

“வாசிக்கலாம். கொஞ்சம் கவனமா வாசிச்சா வாசிக்கலாம்” என்றேன்.

“மெய்யாவோ?” என்றாள் றீற்றா. அரிசிப் பையை வைத்தாள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு றோட்டுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

முதலில் வந்தது பிளாஸ்கும் கையுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா. தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

“பிள்ளை, உது என்ன கண் சோதனையோ? எனக்குக் கண்ணிலை ஒண்டுமில்லை. இவருக்கு வயித்திலைதான் வருத்தம்” என்று போய்விட்டார்.

அடுத்தது வாழைக்குலையோடு வந்த சைக்கிள்காரர். நிறுத்தாமலே ஒரு கண் பார்த்தார். “தாள் நனைஞ்சு போச்சு, வெயிலிலை விரியுங்கோ!”

மூன்றாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர். எத்தனையோ வருடமாக ஊராரின் கையெழுத்தையெல்லாம் படித்தவர். எனக்கு நம்பிக்கை வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக வாசிக்கத் தொடங்கினார். அவர் வாசித்த வசனத்தில் ஒரு யானை வந்தது. என் கதையில் யானையே கிடையாது. அவர் நிறுத்தவில்லை. தெரிந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு, தெரியாத இடங்களைத் தானே இட்டு நிரப்பி, அரைப் பக்கம் போனார். உண்மையைச் சொன்னால் அவருடைய கதை மோசமில்லை.

றீற்றா வாயைப் பொத்திக்கொண்டு மதிலோடு சாய்ந்துவிட்டாள். நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். தபாலதிபர் தாளை மடித்துத் தந்து, “நல்ல நடை. ஆர் எழுதினது?” என்று கேட்டார்.

நாலு தாள்

சிரிப்பு அன்று பின்னேரம்வரைதான். இராசையா அண்ணை வெங்காயம் விற்ற கையோடு வந்தார். டீச்சரும் வந்தார். நான் தாளைக் காட்டிப் பிழை என்னுடையது என்று சொன்னேன்.

இராசையா அண்ணை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் கிடந்த தாள்களைத் தட்டி அடுக்கினார்.

“பதினைஞ்சு கொப்பி” என்றார். “மீசாலையிலை ஒரு தாய், தம்பி. வீட்டிலை புதுக் கொப்பி இல்லை. மகளின்ரை கொப்பியிலை எழுதின தாள் நாலைக் கழட்டி வைச்சிட்டு மிச்சத்தைத் தந்தவ. வாசிக்க ஏதாவது வந்தாப் போதும் எண்டவ.”

அழகு அழகு என்று நான் துள்ளிய துள்ளலெல்லாம் அந்த நாலு தாளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தத் தாய்க்கு வாசிக்க ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

கொப்பித் தாளில் தடியனை அடித்துப் பார்த்தோம். நீலக் கோடா, எங்கே நீலக் கோடு என்று கேட்டான் தடியன். றீற்றா அந்தத் தாளைத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். “முழுக்க வாசிச்சிட்டா. வாசிச்சுப்போட்டு, கதை நல்லாயிருக்கு, மிச்சம் எப்ப வரும் எண்டு கேக்கிறா” என்றாள். அவள் கோத்துக் காட்டியது இராசையா அண்ணையின் வெங்காயச் செய்கைக் கட்டுரை.

ஆனால் தடியனுக்கு இடம் கூட வேண்டும். தாளோ குறைந்துவிட்டது. இன்னொரு முறை சனத்திடம் கொப்பி கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எதையாவது எடுத்தே ஆக வேண்டும். வெங்காயக் கட்டுரையை எடுக்கலாமா? குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு என்ன செய்வது என்ற பக்கத்தை எடுக்கலாமா? டீச்சர் தானாகவே தன் கவிதையை எடுக்கச் சொன்னார். அது எட்டு வரி.

எல்லோரும் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். ஆறு பக்கம் உள்ள பொருள் ஒன்றுதான்.

“என்ரை கதையை எடுங்கோ” என்றேன்.

“மாஸ்டர், வேண்டாம்” என்றாள் றீற்றா. நான் எதிர்பார்க்கவில்லை. “ஆசிரியர் உரையை எடுப்பம். அதுதான் அறுவை. கதை நல்ல கதை. நான் கோத்தனான், எனக்குத் தெரியும்.”

“ஆசிரியர் உரை இரண்டு பக்கம்தானே.”

“அப்ப இரண்டையும் எடுப்பம்” என்றாள் அவள். ஆசிரியர் உரை அரைப் பக்கமாகச் சுருங்கியது. கதை முழுதாக இதழைவிட்டு வெளியே போயிற்று.

வீட்டுக்கு வந்து கைப்பிரதியை மேசைக்குள் திரும்ப வைத்தேன். பத்து வருடம் காத்திருந்தது இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர மனம் ஆறவில்லை.

வட்டுக்கோட்டையில் தடியன்

முதல் இதழ் வட்டுக்கோட்டையில், டீச்சரின் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் வெளியாயிற்று. வடையும் தேநீரும். மேலே ஒருமுறை பிளேன் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து மரத்தடிப் பதுங்குகுழிப் பக்கம் போய், சத்தம் அடங்கியதும் வந்து இருந்தார்கள். தலைமை தாங்கியவர் விட்ட வசனத்திலிருந்து தொடர்ந்தார்.

பின்வரிசையில் ஒரு தோட்டக்காரர், முன்னால் இருந்தவரின் கையில் விரிந்திருந்த இதழைத் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து! நான் றீற்றாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றியை அப்படித்தான் கொண்டாடுவாள்.

ராசாத்தியை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. அட்டையில் மட்டும், கனகு அண்ணையின் வெள்ளைத் தாளில், ‘கிணற்றடி’யின் கீழே இருந்த ஒற்றை வரிக்கு அவள் வந்தாள். அந்தத் தாளில் அவள் ராசாத்திதான்.

பதினைந்து கொப்பிகள்

கெட்டுப்போன முந்நூறு தாள்களை என்ன செய்வது? கனகு அண்ணை, வடை சுற்றப் பருத்தித்துறை வடை விற்கிறவளுக்குக் கொடுக்கலாம் என்றார். றீற்றா விடவில்லை. ஒரு பக்கம்தானே அச்சு, மற்றப் பக்கம் வெறும் கோடு. இருபது இருபதாக அடுக்கி, நடுவில் ஊசி நூலால் தைத்து, பதினைந்து கொப்பி கட்டினாள். பழைய நோட்டீசுகளில் அட்டை போட்டாள். எட்டை இராசையா அண்ணை கொண்டுபோனார். முதல் கொப்பி மீசாலைக்கு. மிச்சம் ஏழையும் என் கையில் தந்தாள்.

“உங்கடை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. கொப்பி இல்லாமல் எத்தினை பேர் வருகினம்.”

எனக்கு அது பெரிய சோதனை. என் எட்டாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் என் கதையைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். அதுவும் ஒரு விரிப்பு வெறும் தாள், அடுத்த விரிப்பு என் கதை, மறுபடி வெறும் தாள், மறுபடி அதே இரண்டு பக்கம். ஒரு கொப்பிக்கு இருபது முறை! நல்லவேளை, வாசிக்க முடியாது என்று ஆறுதல் பட்டேன். ஒரு எழுத்தாளனுக்கு வரக்கூடிய ஆறுதலா அது?

சில வாரம் கழித்துக் கொப்பிகளைத் திருத்த எடுத்தேன். ஒருவன் என் கதையின் மேல் கிரிக்கெட் ஓட்டக் கணக்குப் போட்டிருந்தான். ஒருத்தி ஆற்றங்கழிமுகத்தை அழகாக வரைந்து, என் வசனங்களை அலையாகப் பயன்படுத்தியிருந்தாள். சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

ஐந்தாவது, சுகந்தியின் கொப்பி. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. இமயமலையைப் பற்றிய விடை சரியாக இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன்.

கதை இருந்தது. முழுதாக இருந்தது. காணாமல் போயிருந்த ஒவ்வொரு வளைவையும் யாரோ பென்சிலால் இழுத்து நிரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியையும் வைத்திருந்தார்கள். சில இடத்தில் பிழைவிட்டு, அழித்து, திரும்ப எழுதிய தழும்பு தெரிந்தது. முதல் வரியிலிருந்து இரண்டாம் பக்கத்துக் கடைசி வரிவரை, ஒரு எழுத்தும் விடவில்லை. எத்தனை நாள் இருந்து செய்தாளோ! ஒரு விரிப்பில் தெரியாத எழுத்தை அடுத்த விரிப்பில் தேடியிருக்கிறாள். மை ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரிப் பிடித்திருந்ததல்லவா? இருபதையும் ஒப்பிட்டு, ஒன்றைச் செய்திருந்தாள்.

என் கண் கலங்கிவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த நாள் வகுப்பில் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்.

“இதை நீர்தான் செய்தனீரோ?”

திட்டு விழப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்று கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“ஓம் சேர்.”

“ஏன்?”

“என்ன கதையெண்டு பாக்க சேர்.” பிறகு, நான் அந்த வருடம் முழுவதும் கேட்டிராத அளவு சத்தமாகக் கேட்டாள். “கதவைத் திறக்கேக்கை வெளியிலை ஆரோ நிண்டது எண்டதோடை நிக்குது. ஆர் சேர் நிண்டது?”

வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கரும்பலகையில் இமயமலை பாதி வரைந்தபடி நின்றது. நான் வெண்கட்டியை மேசையில் வைத்தேன், கையைத் தட்டித் துடைத்தேன், மேசை விளிம்பில் ஏறி இருந்தேன். கதவுக்கு வெளியே யார் நின்றது என்று சொல்லத் தொடங்கினேன்.